நன்றிக்கு நன்றி

நோயாளிகளின் வீட்டுக்கே செவிலியரை அனுப்பும் எங்கள் நிறுவனத்தின் மின்னஞ்சல் சர்வரை என் தம்பிதான் பார்த்துக்கொள்கிறான். மற்றபடி வாயைத் திறக்க மாட்டான்.

வரும் மடலுக்கெல்லாம் தானாகப் பதில் போகட்டும் என்று நான் சொன்னேன். 'நன்றி, இரண்டு நாளில் தொடர்புகொள்கிறோம்' என்று அமைத்தான். எங்களிடம் நோயாளிகளை அனுப்பும் மருத்துவமனையின் சர்வரிலும் அப்படியோர் ஏற்பாடு இருந்தது. எங்கள் நன்றிக்கு அது நன்றி சொல்ல, அதற்கு எங்களுடையது நன்றி சொல்ல, மதியத்துக்குள் ஒரே முகவரியிலிருந்து இரண்டாயிரம் மடல்கள்.

"மொத்தமா அழிச்சுத் தொலைடா."

"நடுவுல மனுஷங்க எழுதினது இருந்தா என்ன பண்ணுவே?" என்றான்.

ஏற்பாட்டை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திறந்தான். மூன்று மணிக்கு ஒன்று கிடைத்தது. தொண்டையில் குழாய் வைத்த ஒரு பெரியவர் நான்கு மணிக்கு வீடு திரும்புகிறார், உடனே ஆள் வேண்டும் என்று வார்டிலிருந்து எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் இரண்டு நாள் என்றே பதில் போயிருந்தது.

"அக்கா, கிளம்பு."

ஆம்புலன்சுக்கு முன்பே அந்த வீட்டு வாசலில் நின்றேன்.

இப்போது ஒரு முகவரிக்கு நாளுக்கு ஒரே பதில்தான் போகிறது. அதில் அவசரத்துக்கென்று தன் கைபேசி எண்ணைப் போட்டிருக்கிறான். நேற்று சாப்பாட்டின் நடுவே யாரோ அழைத்தார்கள்.

"முதுகுல புண்ணா? எத்தனை நாளா?" என்று கேட்டுக்கொண்டே சாம்பார்க் கிண்ணத்தைத் தள்ளிவைத்தான்.