பி சைடு முடிந்த பிறகு

போன வாரம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு இணைப்பு வந்தது. எங்கள் கேசட் சேகரிப்பாளர் குழுவில் ஒருவர் அனுப்பியிருந்தார். 'இதுவரை வெளிவராத கச்சேரி, இத்தாலி.' இப்படி ஒன்றை ஒருவர் சும்மா கொடுத்தாலே எனக்கு உறுத்தும். பெஞ்சில் உட்கார்ந்து காதில் மாட்டினேன். ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. இது என் கேசட்.

இசைக்குழுவின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் நீங்களும் தேட ஆரம்பிப்பீர்கள், அப்புறம் எனக்குப் போட்டி. இங்கிலாந்துக்காரர்கள், ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும், பாதியில் தாளம் மாறும், வீட்டில் யாருக்கும் பிடிக்காது. இது போதும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் என் கேசட்டுகளில் கட்டிங் ஆயில் வாசனை அடிக்கும். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையிலிருந்து போகாது. எவனாவது என் கேசட்டைத் திருடினால் மோந்து பார்த்தே பிடித்துவிடலாம் என்று தைரியமாக இருப்பேன். கடையில் விற்கிற ஆல்பம் யாருக்கு வேண்டும்? கச்சேரிக்குள் ஒரு ரசிகன் ரெக்கார்டரை ஒளித்து எடுத்துப்போய்ப் பதிந்ததுதான் எங்களுக்குத் தங்கம். ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும். அதனால் எவனும் எவனையும் நம்ப மாட்டான். நான் என் நிழலையே நம்பாதவன்.

ஆவடி டேவிட் ஒருவனைத்தான் வீட்டுக்குள் விட்டேன். பக்கத்துக் கம்பெனியில் ஃபிட்டர். முகூர்த்த நாட்களில் மெல்லிசைக் குழுவோடு மாங்காடு பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் சினிமாப் பாட்டுக்குக் கீபோர்டு வாசிப்பான். அவன்தான் ஒரு நாள் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்தான். அதே இங்கிலாந்துக் குழு என்றான், எந்த ஆல்பத்திலும் வராத நீளமான வாத்திய இசை.

"எங்கேர்ந்துடா வந்துச்சி?"

"துபாய்ல கீற மச்சான் அனுப்ச்சான் மாமே."

"கைதட்டல் இவ்ளோ கம்மியா கீதே?"

"சின்ன ஹாலு. அவ்ளோ பேருதான் புடிக்கும்."

நம்பவில்லை. லேபிளைச் சுரண்டிப் பார்த்தேன், யாரோ கழற்றி மாட்டியதற்கு ஸ்குருவில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தேன். அவனோ "கீபோர்டு எப்டி மாமே?" என்றே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அந்தாளு மாரி வாசிக்க இன்னொருத்தன் பொறக்கணும். அத்த வுடு, இன்னும் எத்தினி கேசட்டு வெச்சிகினு கீற?"

டேவிட் சிரித்தான். அன்று டீக்குக் காசும் அவனே கொடுத்தான். பாக்கெட்டில் கையே விடாதவன் டீ வாங்கித் தந்தால் சந்தேகம் வராதா? ஒரு பெட்டி நிறையப் பதுக்கியிருக்கிறான் என்றே முடிவுகட்டினேன். பிறகு என் டபுள் டெக்கில் அதை நகலெடுத்து, தபாலில் பழக்கமான ஒரு ஜெர்மன்காரருக்கு அனுப்பி, பதிலுக்கு நல்ல கச்சேரிகளாகக் கறந்துகொண்டேன்.

கைதட்டல் ஓய்ந்ததும் நிறுத்திவிடுவது என் வழக்கம். மிச்சம் வெறும் டேப், பிளேயரின் ஹெட் தேயும். போன வாரம் ஏரியில் நாரையைப் பார்த்துக்கொண்டே நிறுத்த மறந்துவிட்டேன். வெகுநேரம் இரைச்சல். அப்புறம் ஒரு குரல்.

"டேய், ஒயர சுத்து, மண்டபத்துக்காரன் லைட்ட அணைக்கப் போறான்... இன்னா மாமே, நல்லா இருந்துச்சா?"

டேவிட்டின் குரல்.

இணைப்புக்குக் கீழே வெள்ளைக்காரர்கள் அந்தக் குரலைப் பற்றித் தீவிரமாக விவாதித்திருந்தார்கள். மேடைத் தொழிலாளி, பேசுவது தென் இத்தாலிய வட்டார வழக்கு என்று முடிவாகியிருந்தது. கச்சேரி இத்தாலிக்குப் போனது இப்படித்தான்.

கல்யாணப் பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும், மெல்லிசைக் குழுப் பையன்கள் தங்களுக்காக வாசித்திருக்கிறார்கள். கைதட்டியது இலை எடுக்க வந்தவர்களாக இருக்கும். சொந்தமாகக் கட்டிய இசை என்று கொடுத்திருந்தால் நான் காதில் வாங்கியிருப்பேனா? பாதியில் நிறுத்தியிருப்பேன். டேப்பைச் சந்தேகப்பட்டேன், துபாயைச் சந்தேகப்பட்டேன், டீயைக்கூடச் சந்தேகப்பட்டேன். வாசிப்பை மட்டும் சந்தேகப்படவே இல்லை. நினைக்க நினைக்கப் பெருமையாகவும் இருக்கிறது, வயிற்றெரிச்சலாகவும் இருக்கிறது.

டேவிட்டிடம் சொல்ல முடியாது. சில வருஷங்களுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டான். அவன் மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

"கீபோர்டா? அத்த கல்யாணத்துக்கு முன்னாலயே வித்துட்டாருண்ணா. ஊட்ல ஒரு நாளும் வாசிச்சது இல்லியே," என்றாள். இணைப்பை அனுப்பி, முழுசாகக் கேட்கச் சொன்னேன்.

அந்த மெல்லிசைக் குழுவில் மற்றவர்கள் யார், எங்கே போனார்கள், ஒன்றும் தெரியவில்லை. மண்டபம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. இத்தாலி இல்லை, மாங்காடு என்று கீழே எழுதினேன். ஆதாரம் கேட்டுவிட்டு, என்னைப் பொய்யன் என்று தள்ளிவிட்டார்கள்.

மறுநாள் ஸ்டெல்லாவே கூப்பிட்டாள்.

"கேட்டேண்ணா. கடசீல பேசறது அவுருதான். அவுரு கொரலு எங்ககிட்ட ஒண்ணுமே இல்லண்ணா. பேசறத மட்டும் தனியா வெட்டித் தருவீங்களா? பாட்டு வேணாம்."

பாட்டுதான் அவர் என்று சொல்ல வாயெடுத்தேன். பேச்சை மட்டும் வெட்டி அனுப்பினேன்.