பலெர்மோவுக்குப் பிழை பொறுக்கக் கேட்கப் போனது

ரயிலைக் கப்பலில் ஏற்றுவார்கள் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், "போப்பா, கதை அளக்காதே" என்றிருப்பேன். 2003 டிசம்பரில் இத்தாலியின் தெற்கு நுனியில் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றாக ஒரு கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். பொழுது விடிந்துகொண்டிருந்தது. மேல்தளத்துக்கு ஓடினேன். எதிரே சிசிலித் தீவு, மலையும் மேகமுமாய்க் கிட்டே வந்துகொண்டிருந்தது. கடலோர ஊரில் பிறந்து கடலைப் பார்த்தே வளர்ந்தவன் நான். இருந்தும் "யா அல்லாஹ்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற இத்தாலிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க வசதியுள்ள ஆளில்லை நான். துபாயில் அல் கூஸில் ஒரு வொர்க்‌ஷாப்பில் அடுப்பு மெக்கானிக். பெரிய ஓட்டல்களில் ரொட்டி சுடும் மின்சார அடுப்புகள் மக்கர் செய்தால் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அடுப்பு தயாரிக்கும் கம்பெனி வடக்கு இத்தாலியில் இருந்தது. புது மாடலுக்கு இரண்டு வாரம் ட்ரெயினிங் என்று அரபாப், எங்கள் முதலாளி, என்னை அனுப்பினார். ரூமில் எல்லோரும் "கொடுத்து வச்சவன்ப்பா நீ" என்று முதுகில் தட்டினார்கள். ட்ரெயினிங்குக்கு நடுவே வந்த சனி, ஞாயிறில் நான் ரயிலேறியது வேறு ஒரு காரியத்துக்காக.

அடுத்த மாதம் நான் ஹஜ்ஜுக்குப் போக இருந்தேன். எங்கள் ஊர்ப் பக்கம் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர்கள் தெரிந்தவர் வீட்டுக்கெல்லாம் போய், "தெரிஞ்சோ தெரியாமலோ நான் ஏதாச்சும் பிழை செஞ்சிருந்தா பொறுத்துக்குங்க" என்று கேட்பார்கள். படைத்தவனுக்குச் செய்த குற்றத்தைப் படைத்தவன் மன்னிப்பான். மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், அதில் அல்லாஹ்வே தலையிட மாட்டான் என்பார்கள். முக்கால்வாசிப் பேர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே "பொறுத்தேன், பொறுத்தேன், எனக்கும் துஆ செய்ங்க" என்று அனுப்பிவிடுவார்கள். நானும் போன் போட்டு எல்லோரிடமும் கேட்டு முடித்திருந்தேன். ஒருத்தன் மட்டும் பாக்கி. அவன் பலெர்மோவில் இருந்தான். போனில் கேட்கிற பிழையா அது!

துபாய்க்கு வருமுன், ஏழெட்டு வருஷத்துக்கு முந்தி, நான் குவைத்தில் மங்காஃபில் இருந்தேன். அவன் என் ரூம்மேட், யாழ்ப்பாணத்துக்காரன். ஒரே சட்டியில் ஆக்கி ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகம். அவனுடைய கஃபீல், விசா கொடுத்த முதலாளி, பத்தாக்காவைப் புதுப்பித்துத் தராமல் இழுத்தடித்தான். குவைத்தில் அந்த அடையாள அட்டை இல்லாதவன் தெருவில் நடமாடவே முடியாது. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் பக்காலாவில் சாமான் வாங்கிக்கொண்டு வருகிறோம். பை கனம். ஒரு காதை அவன் பிடித்திருந்தான், மற்றதை நான். திருப்பத்தில் போலீஸ் செக்கிங். என் அட்டையைப் பார்த்துத் திருப்பித் தந்தார்கள். அவனிடம் இல்லை. போலீஸ்காரன் அவனைக் காட்டி, இவன் உன் ஆளா என்று அரபியில் என்னைக் கேட்டான். நான் "மா அரஃப்" என்றேன். தெரியாது என்று அர்த்தம். சொன்ன வாயோடு பையின் காதையும் விட்டுவிட்டேன். வெங்காயம் ரோடு முழுக்க உருண்டது. அவன் என்னை ஒரு தரம் பார்த்தான். பிறகு அவனாகவே நடந்து போய் வேனில் ஏறினான்.

அவனைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பையனுக்குக் கொழும்பு சண்டை நடந்த அந்தக் காலத்தில் என்ன இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எப்படியோ தப்பி இத்தாலிக்குப் போய்விட்டான் என்று பழைய ரூம்காரர்கள் சொல்லித் தெரியும். நம்பர் வாங்கி டயல் செய்தேன். "எட மச்சான், நீயே? வாடா வா" என்றான். அந்த "வாடா"வைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் அதிகமாகியது.

பலெர்மோ ஸ்டேஷனில் குடையோடு நின்றான். முன்மண்டையில் முடி இல்லை. "என்னடா வயிறு வைச்சிட்டுது. துபாய்ச் சோறு நல்லா ஒட்டியிருக்கு" என்று என் தொப்பையில் குத்தினான். ஒரு வயசான டாக்டர் வீட்டில் வேலையாம், இன்று லீவாம்.

"மச்சான், ஒன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்" என்று ஆரம்பித்தேன்.

"கதைக்கலாம், கதைக்கலாம். முதல் ஊரைப் பார். இவ்வளவு தூரம் வந்திட்டு ஊரைப் பாக்காமப் போறதே?"

மழை தூறிக்கொண்டிருந்தது. சந்துக்குள் சந்தாக இழுத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு திருப்பத்திலும் ஆயிரம் வருஷத்துச் சுவர் ஒன்று நிற்கிறது. அதன் ஜன்னலில் யாரோ பனியனைக் காயப்போட்டிருக்கிறார்கள். ஒரு சந்தைக்குள் நுழைந்தால் மீன்காரர்கள் போடுகிற கூச்சலில் காது அடைத்துப் போயிற்று. அரண்மனைக்குள் ஒரு சின்ன கோயில், கிறிஸ்தவ ராஜா கட்டியது. உள்ளே காலை வைத்தேன். சுவர், வளைவு, தூண் தலைப்பு எல்லாம் பொன். கடுகளவு கடுகளவாகப் பொன் பதித்து அதிலேயே மனிதர்களை, மரங்களை, மீன்களைச் செய்திருக்கிறார்கள். மழைநாளின் மங்கல் வெளிச்சத்துக்கே அப்படி ஜொலிக்கிறது என்றால் வெயில் நாளில் என்ன ஆகும்!

"மேல பார்" என்றான்.

பார்த்தேன். மரத்தில் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குடைந்த கூரை. துபாயில் புதிதாகக் கட்டும் ஓட்டல்களில் இந்த மாதிரிக் கூரையைப் பிளாஸ்டரில் அச்சு வார்த்து ஒட்டுவார்கள். அதன் கீழே டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எத்தனையோ முறை நடந்திருக்கிறேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. இது அசல். ஓரங்களில் அரபி எழுத்து ஓடியது. முஸ்லிம் தச்சர்களை வைத்து அந்த ராஜா செய்வித்ததாம். கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தேன். சுபஹானல்லாஹ், சுபஹானல்லாஹ் என்று வாய் தானாக முணுமுணுத்தது. எதற்கு வந்தேன் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. நினைவு வந்ததும் கூரையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டேன்.

பிறகு பெரிய தேவாலயத்துக்குக் கூட்டிப் போனான். வாசல் மண்டபத்தில் இடது பக்கத் தூணைக் காட்டினான்.

"நான் ஆறு வருஷமா இதால போய் வாறன். இதில என்ன எழுதியிருக்கெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்ல. நீ சின்னனில ஓதினனிதானே, வாசி."

கல்லில் அரபி. எழுத்துக்கூட்டி முதல் மூன்று வார்த்தை வாசித்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. குர்ஆன் வசனம்! தேவாலயத்துத் தூணில்! அந்தத் தூணை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள், எழுத்தை யாரும் செதுக்கி எடுக்கவில்லை. மீதியைக் கல்லில் பார்க்க வேண்டியிருக்கவில்லை, மனப்பாடம். ஓதுகிறபோது செருப்போடு நிற்பதாவது என்று ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஈரக் கல்லில் வெறுங்காலோடு நின்று கண்ணை மூடி மெதுவாக ஓதினேன். கண்ணைத் திறந்து பார்த்தால் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு கிழவி குனிந்து என் ஷூவுக்குள் ஒரு காசைப் போட்டுவிட்டுப் போகிறாள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "துபாய்க்காரனுக்குப் பிச்சை போட்ட முதல் ஆள் இவதான்!" நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. அவன் சிரிப்பை நிறுத்தினான்.

"மச்சான், மங்காஃப்ல நான் ஒன்னத் தெரியாதுன்னு சொன்னேன். நான் ஹஜ்ஜுக்குப் போறேன். நீ பொறுத்தாத்தான் நான் போகலாம். அதக் கேக்கத்தான் வந்தேன்."

மண்டபத்துப் படியில் உட்கார்ந்தான். நான் வெறுங்காலோடு நின்றேன்.

"கொழும்பில ஏழு மாசம் உள்ளுக்க வைச்சிருந்தாங்கள்" என்றான். "அடி விழேக்க நான் ஆமிக்காரனைத் திட்டேல்ல. உன்னைத்தான் திட்டினனான்."

ஈரப் படியில் கையை ஊன்றி என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"நீ இவ்வளவு தூரம் வந்து கேக்கிறாய். உனக்கு நான் பொய் சொல்லக் கூடாது. மன்னிச்சிட்டன் எண்டு வாயால சொல்லலாம், அதுக்கென்ன காசே பணமே? உள்ளுக்க இருந்து அது வரேல்ல மச்சான். கோவம் இன்னும் கிடக்கு. சில நாள் வேலைக்குப் போகேக்க சும்மா இருக்க வந்திடும்."

"அப்ப நான் போக முடியாது" என்றேன்.

"ஆர் சொன்னது போகேலாதெண்டு? போ. நீ இல்லையெண்டு சொன்னதால நான் பட்டதை நான் பட்டிட்டன். அதுக்கு உன்னட்ட எனக்கு ஒண்டும் வேணாம். செத்தாப் பிறகும் வேணாம். உன்ர அல்லாட்டப் போய் நான் சொன்னதெண்டு சொல்லு, 'என்ர கூட்டாளிக்கு என்னில கோவம் இருக்கு, வழக்கு இல்லை' எண்டு."

எங்கள் ஊர் ஆலிம்கள் மணிக்கணக்காகப் பயான் செய்து விளக்குகிற விஷயம் அது. அதை ஒரு சைவ சமயத்துக்காரன் தேவாலயப் படியில் உட்கார்ந்து, தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே ஒரே வரியில் சொல்லிவிட்டான். "பொறுத்தேன்" என்று ஒப்புக்குச் சொல்லி என்னை ரயிலேற்றிவிட அவனுக்கு எவ்வளவு நேரமாகியிருக்கும்! கோபத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு என்னை மட்டும் விட்டுவிட்டான். இப்படியும் ஒரு மனிதனா என்று அவனை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று காலையிலிருந்து எவ்வளவோ பார்த்திருந்தேன். அவ்வளவு பெரிய எதையும் பார்க்கவில்லை.

"ஷூவைப் போடு, காய்ச்சல் வந்திடும்" என்றான். வீட்டுக்குக் கூட்டிப் போய்ச் சோறு போட்டான். மறுநாள் ரயிலேறினேன்.

அடுத்த மாதம் அரஃபா மைதானத்தில் லட்சோபலட்சம் பேர் கையேந்தி நின்றோம். எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அரபியில் கேட்டார்கள், உருதில் கேட்டார்கள். நானும் அரபியில் தெரிந்ததையெல்லாம் ஓதினேன். கடைசியில், பலெர்மோவில் அவன் சொல்லச் சொன்னதை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அவனுடைய யாழ்ப்பாணத் தமிழிலேயே சொன்னேன்.