இரண்டாவது தோட்டா

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவது தோட்டா பாதி வழியில் சிக்கிக்கொண்டது. பட்டறைக்குப் பின்னால் மணல் மூட்டைகளுக்கு எதிரே நின்ற கோ பா, ரைபிளைத் தாழ்த்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது.

ரங்கூனில், பசுந்தாங் ஓடைப் பக்கம் இருந்த துப்பாக்கிப் பட்டறை அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் காசிம் பாயும் நானும் அங்கே, வெடித்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை, கேஸ்கள் என்போம், மறுபடி மருந்தும் குண்டும் வைத்து நிரப்பித் தரும் வேலை பார்த்தோம். முதலாளி டோ மியா, கணவர் போனபின் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக் கடையை நடத்தியவர். நாங்கள் மியாம்மா என்போம். கோ பா அவருடைய ஒரே தம்பி. மேல் பர்மாவில் மரம் வெட்டும் கூப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அங்கே கூலி ஒருவனைப் புலி அடித்துவிட்டது. மற்றவர்கள் காட்டுக்குள் இறங்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். சீமைக்குத் திரும்பும் துரை ஒருவரிடம் ஒரு குண்டு சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செல்ஃப்-லோடிங் ரைபிளையும் அதில் வெடித்த கேஸ்களையும் வாங்கி வந்திருந்தார். புதுத் தோட்டா கப்பலில் வர மாதக்கணக்காகும். அதனால் அந்தக் கேஸ்களை நாங்கள் வழக்கம்போல் நிரப்பிக் கொடுத்தோம். அவருக்கு மறுநாளே ஸ்டீமர்.

"இதை எடுத்துட்டுப் போயா என்னைப் புலி முன்னால நிக்கச் சொல்றீங்க, அகோ?" என்றார். எங்களை அண்ணன் என்று பர்மிய மொழியில்தான் கூப்பிடுவார். மற்றதெல்லாம் எங்களோடு பழகிய தமிழ்.

காசிம் பாய்க்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "இதே ரைபிள்ல வெடிச்ச கேஸுதானே? இதுலயே ஏன் ஏறாது? இத்தனை வருஷமா இப்படித்தானே செய்யுறோம்?"

வாஸ்தவம்தான். வெடிக்கும்போது கேஸ் அந்தந்த ரைபிளில் தோட்டா உட்காரும் சேம்பரின் அளவுக்கு உப்பிவிடும். ஒவ்வொரு தோட்டாவையும் கையால் தள்ளி ஏற்றும் போல்ட் ரைபிள் வைத்திருந்த துரைமார்களின் கேஸ்களை ஆளுக்கொரு டப்பாவில் பிரித்து வைத்து, கழுத்தை மட்டும் டை என்ற இரும்பு அச்சில் நெருக்கிக் கொடுப்பது எங்கள் பட்டறை வழக்கம். பித்தளை நீண்ட நாள் உழைக்கும். அதில் எங்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

சிக்கிய தோட்டாவைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டே இருந்த பாய், திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார். "முதல் தோட்டாவ இவரு கையால அழுத்தி ஏத்துனாரு. ரெண்டாவத ஸ்பிரிங்குல்ல தள்ளணும்! ஸ்பிரிங்குக்கு ஏதுய்யா கை?"

நிரப்பியதையெல்லாம் பிரித்தோம். கேஸ்களை இந்தத் தடவை அடி முதல் கழுத்து வரை முழுசாக டையில் இறக்கினோம். வழுக்கி இறங்குவதற்காகத் தடவும் ஆட்டுக்கொழுப்பு குறைந்தால் கேஸ் டைக்குள் மாட்டிக்கொள்ளும், கூடினால் கழுத்துக்குக் கீழே கேஸின் தோள் நசுங்கும். மியாம்மா தம்பியைப் போகாதே என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற ஆளுமில்லை. பழைய லுங்கித் துணியை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேஸாகக் கொழுப்பைத் துடைத்தார். துடைத்ததைச் சேம்பரில் போட்டுப் பார்த்தோம். தன் எடையிலேயே உட்கார்ந்து, கவிழ்த்தால் தானே விழ வேண்டும். முரண்டு பிடித்ததைத் தூக்கி எறிந்தோம்.

பொழுது சாய்வதற்குள் நிரப்பி முடித்து மறுபடி சுட்டார். இரண்டாவதும் மூன்றாவதும் தானாக ஏறின. மறுநாள் ஸ்டீமர் ஏறிப் போய்விட்டார்.

அதன்பிறகு வாசலில் நிழலாடினாலே மியாம்மா எழுந்து நிற்பார். எங்களுக்கும் வேலை ஓடவில்லை. மழை பிடிக்கிற சமயத்தில் ஒருநாள் கோ பாவே வந்து நின்றார். மேஜைமேல் இரண்டு காலிக் கேஸ்களை வைத்தார்.

"முதல் குண்டு தப்பிடுச்சு, அகோ. புலி என் மேல திரும்பிடுச்சு. ரெண்டாவது தானா ஏறிடுச்சு."

மியாம்மா வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அந்த இரண்டையும் எங்கள் பக்கம் தள்ளினார். "இதையும் முழுசா டையில இறக்கி வைங்க. இவன் மறுபடி போவான்."

பாயும் இல்லை, பட்டறையும் இல்லை. அந்தக் கொழுப்பு வாசனைக்காக இன்றும் ஏங்குகிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். முதல் தோட்டா வெடித்ததும் கை தட்டாதீர்கள். இரண்டாவது ஏறட்டும்.