அறுபத்திரண்டாம் எண் ஜெட்

மதியம் இரண்டு மணி பத்து நிமிடம்.

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நானும் நினைத்திருந்தேன். இது ஜூலை வெயிலில், இரண்டு கதவும் திறந்து கிடந்த என் பட்டறையில் நடந்தது. நான் குடிப்பதில்லை. கனவு காணும் ஆளும் இல்லை. முப்பது வருடமாக மோட்டார் சைக்கிள் பிரித்து மாட்டுகிறேன். நம்பச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. நம்பாமல் இருக்க உங்களுக்கு வழி இருக்கிறது. எனக்கு இல்லை.

நெப்ராஸ்காவில் எங்கள் பக்கம் மேடு கிடையாது. சோளக்காடு. நடுவே நூல் பிடித்தது போல வடக்கே போகும் தார்ச்சாலை. பதினைந்து மைலுக்கு ஒரு வளைவு இல்லை. வீட்டை விட்டு ஓடிப்போன நாயை மூன்று நாள் வரை பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று இங்கே சொல்வார்கள். ஊரிலேயே உயரமான பொருள் ரயிலடித் தானியக் கிடங்கு. அது நூறு அடி. ஊருக்குத் தெற்கே இருக்கிறது. சாலை போவது வடக்கே.

மிலோ என் தங்கை நாடினின் கணவன். அதற்கு முந்தின குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு வண்டி கட்டினான். வண்டியின் இரும்புச் சட்டம் அவனே பற்றவைத்தது. முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை நீளம். டேங்க் கருஞ்சிவப்பு. என்ஜினை மட்டும் பழைய சாமான் சந்தையில் வாங்கியிருந்தான், கார்பரேட்டரோடு. விற்றவர் கொலராடோ பக்கத்து ஆள், டட்லி என்று பெயர்.

“மலையிலேர்ந்து வந்த என்ஜினாம் மச்சான். ரெண்டு குளிர்காலம் பனிக்கடியில கிடந்துச்சாம். உள்ள ஒரு பொட்டு துரு இல்ல.”

“பனிக்கடியில எதுக்குக் கிடந்துச்சு?”

“கேக்கல. கேட்டா விலை ஏறிடும்.”

வண்டி ஓடியது. ஆனால் இழுக்கவில்லை. கைப்பிடியைத் திருகினால் கரும்புகை கக்கியது, மூச்சு முட்டியது போல இருமியது. நாடின் என்னிடம் வந்தாள்.

“அண்ணா, நீ சரின்னு சொல்ற வரைக்கும் அவன் அதுல ஏறி ரோட்டுக்குப் போகக் கூடாது. அவன் சொன்னா நம்ப மாட்டேன். நீ சொன்னா நம்புவேன்.”

சரி என்றேன்.

அந்தச் சனிக்கிழமை காலை வண்டியை உருளை மேல் ஏற்றிக் கட்டினோம். முன் சக்கரத்தை இறுக்கிவிட்டுப் பின் சக்கரத்தை உருளையில் ஓடவிட்டால் எத்தனை குதிரைத்திறன் என்று எந்திரம் சொல்லும். அந்த என்ஜினுக்கு எழுபத்தைந்து வர வேண்டும். நாற்பத்தொன்று வந்தது.

“மீதி முப்பத்து நாலு குதிரை எங்கே மச்சான்? புல்லு மேயப் போயிடுச்சா?”

“நீ ஏறி உக்காந்ததும் பயந்து ஓடியிருக்கும்.”

தீப்பொறி நேரம் பார்த்தேன். சரி. அழுத்தம் பார்த்தேன். சரி. காற்று எங்காவது கசிகிறதா என்று பார்த்தேன். இல்லை. பிளக்கைக் கழற்றினேன். அடுப்புக்கரி போல இருந்தது.

பிளக் கருத்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்தால் குறைவு, அப்படியே ஓட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். பால் விட்ட காபி நிறம் வந்தால் சரி. பெட்ரோலை அளந்து விடுவது ஜெட். சுண்டுவிரல் நகம் அளவுப் பித்தளை, நடுவில் துளை. எண் குறையக் குறையத் துளை சிறிது. எங்கள் தொழிலில் ஒரே ஒரு வேதம்தான். யார் பொய் சொன்னாலும் பிளக் சொல்லாது.

எழுபத்திரண்டாம் எண் இருந்தது. எழுபது போட்டேன். கருப்பு. அறுபத்தெட்டு. கருப்பு. அறுபத்தாறு. கருப்பு.

அறுபத்தாறில் எங்கள் ஊர்க் காற்றில் எந்த வண்டியும் தும்மும், சுடும். இது தும்மவில்லை. தொட்டுப் பார்த்தேன். கார்பரேட்டர் சில்லென்று இருந்தது. வெயில் நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு முறையும் மிலோதான் மேலே உட்கார்ந்து முடுக்கினான். நடுவில் கொட்டாவி விட்டான். பிறகு நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

“தலை வலிக்குது.”

“காலையில சாப்பிட்டியா?”

“உன் தங்கச்சி சமையலைச் சாப்பிட்டா தலை வலிக்காதா?”

சிரித்தான். உதடு லேசாக நீலம் பூத்திருந்தது. புகையாக இருக்குமோ என்று பயந்தேன். ஆனால் புகைபோக்கிக் குழாய் வெளியே போயிருந்தது. ஆளுயர விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நச்சுப்புகை வந்தால் கத்தும் கருவி தலைக்கு மேலேயே தொங்கியது. அது கத்தவில்லை. இறங்கி வெளியே போய் நின்றான். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டது.

அப்போது நான் ஏறி உட்கார்ந்தேன். முடுக்கினேன். காதுக்குள் ஏதோ பொட்டென்று அடைத்துத் திறந்தது. சத்தத்தால் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. மிலோ ஒரு உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்டைப் பிரிக்காமல் டேங்க் மேல் வைத்திருந்தான். நான் எடுத்தபோது அது தலையணை போல உப்பியிருந்தது. தட்டினால் மத்தளம். மேஜையில் போட்டேன். திரும்பிப் பார்த்தபோது பழையபடி சப்பையாகக் கிடந்தது.

அதைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

கடைசியாக அறுபத்திரண்டு போட்டேன். இந்த ஊரில் யாரும் போடாத எண். பெட்டியின் மூலையில் கிடந்தது. முடுக்கியதும் புகை நின்றது. இருமல் நின்றது. மணி அடித்தது போல ஓடியது. பிளக்கைக் கழற்றினேன். பால் விட்ட காபி.

எந்திரம் நாற்பத்தெட்டு என்றது. அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறவில்லை.

“இன்னும் இருபத்தேழு வரல மிலோ.”

“வரும்போது வரட்டும். சத்தத்தைக் கேளு. இந்தச் சத்தத்துக்குத்தானே ஆறு மாசம் உக்காந்தேன். பாலம் வரைக்கும் போய்ட்டு வரேன். மெதுவாத்தான் போவேன். நீ சரின்னு சொல்லு, போறேன்.”

பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

“சரி” என்றேன்.

போய்விட்டான். வடக்கே. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு பத்து.

கையைத் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். எழுபத்தைந்தில் இருபத்தேழு காணோம். நூற்றுக்கு முப்பத்தாறு. என்ஜினில் பழுது இல்லை. பெட்ரோல் சரியான அளவு. அப்படியென்றால் காற்றுதான் இல்லை. முப்பத்தாறு பங்கு காற்று இல்லை. இளம் வயதில் இரண்டு கோடைக்காலம் கொலராடோவில் வேலை பார்த்திருக்கிறேன். அங்கே இதை மனப்பாடமாக வைத்திருப்போம். ஆயிரம் அடி ஏறினால் நூற்றுக்கு மூன்று குதிரை போகும்.

முப்பத்தாறு. மூன்றால் வகுத்தேன்.

பன்னிரண்டாயிரம் அடி.

மேஜையைப் பார்த்தேன். வறுவல் பாக்கெட். மலை ஏறும் காரில் பாக்கெட்டுகள் அப்படித்தான் உப்பும். காது அப்படித்தான் அடைக்கும். புதிதாக ஏறி வந்தவனுக்குத் தலை அப்படித்தான் வலிக்கும்.

பிளக் பொய் சொல்லவில்லை. எங்கே இருந்துகொண்டு சொல்கிறது என்று நான்தான் கேட்கவில்லை.

டட்லியின் எண் என்ஜின் வந்த பெட்டி மேல் எழுதியிருந்தது. தொலைபேசிக் கம்பியை வாசல் வரை இழுத்துக்கொண்டு போனேன். சாலை தெரிந்தது. ஒரு மைல் தள்ளி, கானல் நீருக்குள், மிலோ புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தான். மெதுவாகத்தான் போனான்.

மணி அடித்தது. எடுத்தார்.

“அந்த என்ஜின் எங்கேர்ந்து வந்துச்சு?”

“யாரு பேசறது?”

“நெப்ராஸ்கா. மிலோவோட மச்சான். எந்த மலை?”

சாலையிலிருந்து சத்தம் வந்தது. கைப்பிடியைத் தளர்த்தும் சத்தம். கியர் ஒன்று குறையும் சத்தம். என்ஜின் முக்கி, இழுத்து, மறுபடி விரியும் சத்தம்.

வளைவில் திரும்பும்போது வரும் சத்தம்.

கண்ணுக்கு வண்டி நேராகப் போய்க்கொண்டிருந்தது. காதுக்கு வளைந்தது.

“கணவாய்க்குக் கிட்ட” என்றார் டட்லி. “உச்சிக்குக் கொஞ்சம் கீழ. ஒரு பையன் ஏறிப் போயிருக்கான். மேல மூணு கொண்டைஊசி வளைவு அடுத்தடுத்து வரும்...”

சாலையில் மறுபடி கியர் குறைந்தது. என்ஜின் முக்கியது. விரிந்தது. இந்த முறை எதிரொலியும் கேட்டது. எதில் பட்டு எதிரொலிக்கும்? சோளத்திலா?

இரண்டு.

“மூணாவதுல...” என்றார் டட்லி.

தொலைபேசியைப் போட்டேன். வெளியே ஓடினேன். “மிலோ!” என்று கத்தினேன். ஒன்றரை மைல் தூரத்துக்குக் கத்தினேன். என் பிக்கப் வண்டியில் ஏறினேன். சாவி துளைக்குள் போகவில்லை.

கியர் குறைந்தது.

பிறகு... ஒரு அலறல். மிலோவுடையது இல்லை. என்ஜினுடையது. பின் சக்கரம் தரையை விட்டால் மட்டும் வரும் அலறல் அது. தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும்.

நின்றது.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

நான்கு...

தூரத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம்.

நான் போய்ச் சேர்ந்தபோது மிலோவின் வண்டி சாலை நடுவில் நின்றிருந்தது. விழவில்லை. பக்கத் தாங்கியில் நேர்த்தியாகச் சாய்ந்து நின்றது. டேங்கில் ஒரு கீறல் இல்லை. தாரில் ஒரு தேய்ப்புக் கோடு இல்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மணி அடித்தது போல, சுத்தமாக.

மிலோ பத்தடி தள்ளிக் கிடந்தான். மல்லாந்து.

தலைமுடியில் வெள்ளையாக ஏதோ இருந்தது. தொட்டேன். பனி. விரல் பட்டதும் தண்ணீராகி ஓடிவிட்டது.

கண் திறந்திருந்தது. என்னைத்தான் பார்த்தான்.

“மச்சான்... காத்து...”

சுற்றிலும் காற்று. சோளம் முழுக்க அசைந்துகொண்டிருந்தது. அவன் வாயைத் திறந்து திறந்து மூடினான். அதில் ஒரு துளிகூட அவனுக்குள் போகவில்லை. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. பின்னால் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. மிலோவின் வாய் அசைவது நின்ற பிறகு, அதுவும் தானாக நின்றது. சாவியை நான் தொடவில்லை.

மாலை ஐந்தரைக்கு, மிலோவின் உடலைப் பார்த்துவிட்டு, டாக்டர் மருத்துவமனை நடைவழிக்கு வந்தார். இளம் வயது. முகமூடியைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தார். நாடின் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அவள் அழவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

“நீங்கதான் முதல்ல பாத்தீங்களா?”

“ஆமா.”

“வண்டியிலேர்ந்து விழுந்தார்னு போலீஸ்ல சொன்னாங்க.”

“ரோட்டுல கிடந்தான்.”

டாக்டர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

“வண்டி விபத்து நான் தினம் பாக்கறேன். உரசல் இருக்கும், தோல் போயிருக்கும். இவருக்கு ஒரு சிராய்ப்பு இல்ல. ஆனா உள்ள ஒரு எலும்பு முழுசா இல்ல. முதுகு, இடுப்பு, குதிகால்... இது உயரத்துலேர்ந்து விழுந்த உடம்பு. கிடங்கு உயரம் பத்தாது. முந்நூறு அடியாவது இருக்கணும்.”

டாக்டர் ஜன்னல் பக்கம் கை காட்டினார்.

“இந்தப் பக்கம் அப்படி என்ன இருக்கு? எங்கேர்ந்து விழுந்தார்?”

நாடின் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

“நீதானேண்ணா சரின்னு சொன்னே. சொல்லு. மிலோ எங்கேர்ந்து விழுந்தான்?”