ஒரு வயிற்றுக்கு மூன்று மருந்து

என் நாத்தனார் கொழும்பில் ஒரு டொக்டர் வீட்டில் ஏழு வருஷம் சமையல் செய்தவள். டொக்டர் வீட்டுச் சட்டியைக் கழுவினால் டொக்டர் பட்டமும் கூடவே வந்துவிடும் என்று அவளுக்கு நினைப்பு. அதைவிடக் கேவலம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் பன்னிரண்டு வீடும் அதை நம்பியதுதான். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவளுடைய பிஸ்கட் டின் திறக்கும். உள்ளே பேர் கிழிந்துபோன மாத்திரை அட்டைகள் கிடக்கும். எது எதற்கு என்று கேட்டால், "நெறத்தப் பாத்தாலே எனக்குத் தெரியும்" என்பாள்.

லயத்துக்காரர்களையாவது மன்னிக்கலாம். நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். கொழுந்து எடுக்கப் போனாலும் எழுத வாசிக்கத் தெரியும். அப்படிப்பட்ட மகாராணி, தோள்வலிக்கு அவளிடம் மாத்திரை வாங்கித் தின்றேன். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் வெறும் வயிற்றில் பாலில்லாத சாயத்தண்ணியோடு ஒன்று, மத்தியானம் ஒன்று, இப்படியே இரண்டு வருஷம். வயிறு எரிந்தபோது, "கேஸ்" என்று சொல்லி இஞ்சி தட்டிக் கொடுத்தாள். ஒருநாள் மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. "பீட்ரூட் தின்னிருப்ப" என்றாள். பீட்ரூட் தின்றால் அப்படியா போகும்? அதையும் கேட்டுக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் தேயிலைச் செடிக்குள் மயங்கி விழுந்தேன். நுவரெலியா ஆஸ்பத்திரியில் வயிற்றுக்குள் கெமரா விட்டுப் பார்த்தார்கள். புண், அதிலிருந்து ரத்தக் கசிவு, கூடவே ஒரு கிருமி. டொக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல நர்ஸம்மா தமிழில் சொன்னார்.

"மூணு மருந்து தர்றோம். ரெண்டு வாரத்துக்கு மூணையும் சேத்துத்தான் குடிக்கணும். வலி நின்னாலும் நிப்பாட்டக் கூடாது. கடையில, பக்கத்து வீட்டுல வலி மாத்திரை வாங்கிக் குடிக்கவே கூடாது. மறுபடி கறுப்பாப் போனா நேரா இங்க வந்துருங்க."

விளங்காதது இதில் ஒன்றுமே இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் வலி நின்றது. ஆனால் வாயெல்லாம் இரும்பைச் சப்பியது போல ஒரே கசப்பு. அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நாத்தனார் வந்து மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டினாள்.

"ஒரு வயித்துக்கு எதுக்கு மூணு மருந்து? சூடு ஏறித்தான் வாய் கசக்குது. புண்ணுக்கு இந்தக் கூடு மாத்திரை மட்டும் போதும்."

மற்ற இரண்டையும் பிரித்தாள். ஒன்று பல் வீங்கிக் கிடந்த அவள் புருஷனுக்கு, இன்னொன்று பக்கத்து வீட்டுக்காரியின் இருமலுக்கு. என் வீட்டுக்காரர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவருக்கு அக்காவும் டிவியும் இருந்தால் போதும். பெண்டாட்டியின் வயிறு எக்கேடு கெட்டால் என்ன?

நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? இரண்டு மாத்திரைக்குக் கணக்குப் பார்க்கிறவள் என்று லயத்தில் பேசுவார்களே என்ற பயம். தூ! இப்போது நினைத்தாலும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

மூன்று மாதத்தில் மறுபடி கறுப்பாகப் போனது. இந்தத் தடவை யாரிடமும் கேட்காமல் பஸ் ஏறினேன். மருந்தை முடித்தீர்களா என்று டொக்டர் கேட்டார். முடித்தேன் என்று பொய் சொல்ல வாயெடுத்து, பிறகு உள்ளதைச் சொன்னேன். நர்ஸம்மா அதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பங்கு போட இது என்ன கோயில் கெடாவா?"

வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அரைகுறையாகக் குடித்ததால் அந்தப் பழைய மருந்துக்குக் கிருமி இனி அடங்காமல் போகலாம், வேறு மருந்து தர வேண்டும் என்றார் டொக்டர். இதுவும் கேட்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நர்ஸம்மா சொல்லி முடித்ததும் டொக்டர் என் அட்டையை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். "மொதல்ல இத ஒழுங்காக் குடிச்சி முடிங்க" என்றுதான் பதில் வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

இந்த மருந்து முதல் மருந்தைவிட மோசம். கசப்போடு குமட்டலும் சேர்ந்துகொண்டது. ஆறாம் நாள் காலையில் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். போன தடவை என்ன நடந்தது என்பதெல்லாம் அவளுக்கு ஞாபகமே இல்லை. அப்படிப்பட்ட ஞாபகம் இருந்தால் அவள் ஏன் வைத்தியம் பார்க்கிறாள்?

"மூஞ்சியெல்லாம் வாடிப்போச்சு புள்ள. ரெண்ட நிப்பாட்டிரு. அந்த மஞ்சக் கலரு மாத்திரய எனக்குத் தா, முட்டி வலி தாங்கல."

"தர மாட்டேன் மதினி."

"கூடப்பொறந்தவ மாதிரி நெனச்சேன். ஒரு மாத்திரைக்கு இப்படியா?"

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து, "ஒண்ணுதானே, குடுத்துரு" என்றார்.

அந்த நேரத்துக்குரிய மாத்திரை அத்தனையையும் எடுத்து, இரண்டு பேர் கண்ணெதிரிலும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பிறகு அவள் முகத்துக்கு நேரே வாயை ஆவென்று திறந்து, நாக்கையும் தூக்கிக் காட்டினேன்.