‘ஓடுது’ என்று பொய் சொன்ன மோட்டார் பெட்டி

போனிலிருந்தே வயல் மோட்டாரை இயக்க எங்கள் நிறுவனம் செய்து கொடுத்த, சிம் போட்ட மோட்டார் பெட்டியைத் திருப்பித் தந்துவிட இன்று அணைக்கட்டு ஊரில் தன் வயலில் காத்திருந்தார் விவசாயி தனலட்சுமி அக்கா.

“போன்ல ஆன் பண்ணா ‘ஓடுது’ன்னு மெசேஜ் வருது. நம்பி ஊட்லயே இருந்துட்டேன். கத்திரிக்கு ஒரு சொட்டு தண்ணி பாயல. இன்னாம்மா பெட்டி இது?”

தவறு என்னுடையது. கட்டளை கிடைத்ததுமே பதில் அனுப்பும்படி நிரல் எழுதியிருந்தேன். மோட்டார் உண்மையில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பதில் சொல்லும்படி, வரப்பில் உட்கார்ந்து மாற்றினேன்.

அக்கா மறுபடி போனை அழுத்தினார். பதில் சற்றுத் தாமதமாக வந்தது: ‘மும்முனை மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடவில்லை.’

“இப்பதான் நெஜம் பேசுது. இருக்கட்டும், கழட்டாத.”

எங்கள் வீட்டிலும் சொன்னவுடனே ‘செஞ்சிட்டேன்’ என்பவர்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நிரல் எழுதத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.