மில் பஸ்ஸின் நீலப் புள்ளி

வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர்களையும் அவற்றிலிருக்கும் தகவல்களையும் பாதுகாக்கிற வேலை எனக்கு. ஒரு வைரஸ் வந்து ஆபீஸையே முடக்கிப்போட்டதிலிருந்து எனக்குச் சந்தேக புத்தி. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி ஒட்டி வைத்தவர்களோடு வாய்ச்சண்டை போட்டிருக்கிறேன். “இந்தம்மா போலீஸுக்குப் போயிருக்கணும்” என்று என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும்.

நூற்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண், ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றாள். புருஷனின் அடி தாங்காமல் வேறு ஊரிலிருந்து ஓடிவந்து, திண்டுக்கல்லில் அறை எடுத்துத் தங்கியிருந்தவள்.

“அக்கா, என் போட்டோ, அட்ரஸு எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்காம்ல. அந்தாளு கண்டுபிடிச்சா கொன்னே போட்ருவான்க்கா.”

“என்னைத் தாண்டி ஒருத்தனும் பாக்க முடியாது. நீ தைரியமாப் போ” என்றேன். சொன்னபடியே, மேனேஜர்கூட என்னைக் கேட்காமல் திறக்க முடியாதபடி அவள் விவரங்களைப் பூட்டி வைத்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே மில் பஸ்ஸில்தான் வீடு திரும்புவோம். அந்தப் பஸ்ஸுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. வண்டியை எடுத்ததும் டிரைவர் தன் லொக்கேஷனை அதில் போட்டுவிடுவார். பஸ் எங்கே வருகிறதென்று செல்போனில் நகரும் நீலப் புள்ளியைப் பார்த்துவிட்டு, வீட்டு ஆட்கள் ஸ்டாப்புக்கு வருவார்கள். வெயிலில் காத்துக் கிடக்க வேண்டாம். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம் அவள் ஸ்டாப் நெருங்கியபோது, எழுந்து நின்றவள் சட்டென்று இரண்டு சீட்டுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. “அந்தாளு” என்றாள், அவ்வளவுதான். வெளியே பைக்கில் ஒருவன் கையில் செல்போனோடு இருந்தான். போனைப் பார்த்தான், பஸ்ஸைப் பார்த்தான்.

“அண்ணே, நிறுத்தாதீங்க!” என்று கத்தினேன். வண்டி வேகமெடுத்தது. பைக்கும் பின்னாலேயே வந்தது. டிரைவர் ஒரு சந்தில் திருப்பி, இன்னொரு ரோட்டில் ஏறினார். பைக்கைக் காணோம் என்று மூச்சு விடுவதற்குள், எதிரே வந்து நின்றான். எங்கே போனாலும் எப்படி வருகிறான்? அப்போதுதான் டிரைவர் முன்னால் மாட்டியிருந்த செல்போனில் அந்த நீலப் புள்ளி கண்ணில் பட்டது. பாய்ந்துபோய் அதை அணைத்தேன். டிரைவர் மறுபடி ஒரு சந்தில் திருப்பி, பஸ்ஸை நேராக மகளிர் காவல் நிலையத்துக்கு விட்டார். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

அவன் எப்படி அந்தக் குரூப்புக்குள் வந்தான் என்பது மறுநாள் தெரிந்தது. கல்யாணமாகி வேலையை விட்டுப்போன ஒருத்தியின் நம்பர் இன்னும் அதில் இருந்தது. அந்தப் போன் இப்போது அவள் கொழுந்தனிடம். அந்தக் கொழுந்தன், பைக்கில் வந்தவனுக்குச் சொந்தம். ஆயுத பூஜைக்குப் பஸ்ஸுக்கு மாலை போட்டு, எல்லாரும் சேர்ந்து நின்று எடுத்துக் குரூப்பில் போட்ட போட்டோவில் நூற்புப் பிரிவுப் பெண்ணும் இருந்திருக்கிறாள். அதைப் பார்த்துத்தான் அந்தப் போன் அவள் புருஷன் கைக்குப் போயிருக்கிறது.

“போனவங்களை ஏண்ணே குரூப்ல இருந்து எடுக்கல?” என்று டிரைவரிடம் பாய்ந்தேன்.

“அதெப்படிம்மா? பொங்கலுக்கெல்லாம் வாழ்த்து அனுப்புதுக. எடுத்துவிட்டா வெரட்டுன மாதிரி ஆயிராது? அம்புட்டுப் புள்ளைகளும் வருத்தப்படும்.”

அந்தக் குரூப்பில் நானும்தான் இருந்தேன்.

அவள் அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டாள். எங்கே என்று யாருக்கும் தெரியாது. சில மாதம் கழித்து, தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

“நல்லாருக்கேன்க்கா. வேலை கெடச்சிருச்சு. எங்கன்னு மட்டும் கேக்காதீங்க.”

“கேக்க மாட்டேன்” என்றேன். அப்போது அவளுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் தொண்டை கிழிய ஓர் ஊர்ப் பெயரைக் கூவினார். அவள் உடனே போனை வைத்துவிட்டாள்.

அந்த ஊர் எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவள் என்னை அழைக்கவில்லை. அங்கிருந்தும் கிளம்பியிருப்பாளோ, என்னால்தான் கிளம்பினாளோ என்று நினைத்து நினைத்துப் பயப்படுகிறேன். விசாரிக்கவும் வழியில்லை; அதுவே அவளைக் காட்டிக்கொடுத்துவிடும்.